அமெரிக்கால கம்பெனி சம்பளத்துல டாக்ஸ் தப்பா புடிச்சிட்டா ரிட்டர்ன் எப்படி ஃபைல் பண்றது?

கேட்டவரோட நிலைமை சுருக்கமா இதுதான். 2022 ஆகஸ்ட்ல எஃப்-1ங்கற ஸ்டூடண்ட் விசால வந்தவர், படிப்ப முடிச்சு ஓபிடில, அதாவது படிப்புக்கு அப்புறம் ஸ்டூடண்ட்டுக்கு கிடைக்கற வேலை அனுமதில, வேலைக்கு சேர்ந்தார், 2025 அக்டோபர் 1லேர்ந்து எச்-1பிங்கற வேலை விசா. வருஷம் பூரா ஒரே கம்பெனி. வருஷ சம்பளத்தையும் புடிச்ச டாக்ஸையும் எழுதி கம்பெனி தர்ற டபிள்யூ-2 ஃபார்ம் கைக்கு வந்ததும் பாத்தா பென்ஷனுக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர், இந்த ரெண்டு டாக்ஸும் ஜனவரிலேர்ந்தே புடிச்சிருக்காங்க. அது பத்தாதுன்னு ஜூலைல ப்ராஜெக்ட்டுக்காக நியூ ஜெர்சிலேர்ந்து டல்லஸுக்கு குடி போனவருக்கு டிசம்பர் வரைக்கும் நியூ ஜெர்சி ஸ்டேட் டாக்ஸ் போயிருக்கு. பேரோல் டீமுக்கு மெயில் போட்டா பதிலே இல்ல. ஏப்ரல் 15 நெருங்குது, நானே சரியான நம்பர போட்டு ஃபைல் பண்ணிடட்டுமா, இல்ல அவங்க திருத்தித் தர்ற வரைக்கும் காத்திருக்கட்டுமான்னு கேக்கறார்.

ரெண்டுமே வேண்டாம். நம்பர நீங்களா மாத்தாதீங்க, அதுக்காக டெட்லைன தாண்டி காத்திருக்கவும் வேண்டாம். உங்க ரெண்டு பிரச்சனையும் வேற வேற வழில தீரும், ஃபெடரல் ரிட்டர்ன இந்த வாரமே அனுப்பலாம்.

முதல்ல ஒரு விஷயத்த பிரிச்சுப் பாத்துக்கணும், இது புரிஞ்சுட்டா மீதி எல்லாம் தானா புரியும். கம்பெனி பண்ற தப்பு ரெண்டு வகை. ஒண்ணு, பணத்தையே தப்பா புடிச்சிருப்பாங்க, ஆனா எவ்வளவு புடிச்சாங்களோ அத டபிள்யூ-2ல உள்ளபடி எழுதியிருப்பாங்க. இன்னொண்ணு, புடிச்சது ஒரு தொகை, டபிள்யூ-2ல எழுதினது வேற தொகை. முதல் வகைல டபிள்யூ-2 பொய் சொல்லல, அத அப்படியே ரிட்டர்ன்ல போடணும், தப்பா போன பணத்த கேக்க தனி வழி இருக்கு. ரெண்டாவது வகைலதான் டபிள்யூ-2வையே திருத்த வேண்டியிருக்கு, திருத்தின டபிள்யூ-2சி வாங்கணும், கிடைக்கலன்னா அதுக்கு பதிலா ஃபார்ம் 4852. ரெண்டையும் குழப்பிக்கிட்டு முதல் வகைக்கு 4852 போடறவங்க நிறைய பேர், அப்புறம் ஃபெடரல் டாக்ஸ் ஆஃபீஸான ஐஆர்எஸ்லேர்ந்து லெட்டர் வந்து மாசக்கணக்கா அலையறாங்க. ஐஆர்எஸ் கிட்ட கம்பெனி அனுப்பின டபிள்யூ-2வோட காப்பி ஏற்கனவே இருக்கு, உங்க ரிட்டர்ன்ல உள்ள நம்பரோட அத கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பாக்கும், ஒத்துப்போகலன்னா சிபி2000ன்னு ஒரு நோட்டீஸ் வரும், அவ்வளவுதான் விஷயம்.

எந்த வகைன்னு கண்டுபிடிக்க உங்களுக்கு வேண்டியது வருஷத்தோட கடைசி பே ஸ்டப், டிசம்பர் கடைசில வந்தது. அதுல இயர்-டு-டேட்னு ஒரு காலம் இருக்கும், அந்த காலத்த டபிள்யூ-2 பக்கத்துல வெச்சு பாருங்க. இங்க ஒரு எச்சரிக்கை, மொத்த சம்பளமும் பாக்ஸ் 1ம் (இன்கம் டாக்ஸுக்கு உட்பட்ட சம்பளம்) ஒத்துப்போகாது, அது தப்பு இல்ல. உதாரணத்துக்கு மொத்த சம்பளம் 84,000 டாலர், அதுல 401(கே)ங்கற ரிட்டயர்மென்ட் சேமிப்புக்கு 6,000, ஹெல்த் இன்ஷூரன்ஸ் ப்ரீமியம் டாக்ஸுக்கு முன்னாடி 2,400 போச்சுன்னு வைங்க. பாக்ஸ் 1ல 75,600தான் வரும். ஆனா பாக்ஸ் 3லயும் (சோஷியல் செக்யூரிட்டிக்கு உட்பட்ட சம்பளம்) 5லயும் (மெடிகேருக்கு உட்பட்டது) 81,600 வரும், ஏன்னா 401(கே)ல போடற பணத்துக்கு இன்கம் டாக்ஸ் இப்ப கிடையாது, ஆனா சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் உண்டு, இன்ஷூரன்ஸ் ப்ரீமியத்துக்கு மூணுமே கிடையாது. "பாக்ஸ் 1 கம்மியா இருக்கு, கம்பெனி ஏமாத்திட்டான்"னு பதறி வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதான் விடை. பாக்ஸ் 2 (ஃபெடரல் இன்கம் டாக்ஸ்), 4 (சோஷியல் செக்யூரிட்டி), 6 (மெடிகேர்), 17 (ஸ்டேட் டாக்ஸ்) இந்த நாலும் புடிச்ச பணம், இது மட்டும் பே ஸ்டப்போட டாலருக்கு டாலர் ஒத்துப்போகணும். அங்க வித்தியாசம் இருந்தா அது ரெண்டாவது வகை.

இப்ப உங்க ஃபைகா விஷயம், இது முதல் வகை. சோஷியல் செக்யூரிட்டி 6.2 சதவீதம், மெடிகேர் 1.45 சதவீதம், ரெண்டும் சேத்து 7.65, இந்த ரெண்டையும் சேத்துத்தான் ஃபைகான்னு சொல்றது. எஃப்-1ல இருக்கறவங்க, டாக்ஸ் கணக்குல நான்-ரெசிடென்ட்டா இருக்கற வரைக்கும், அனுமதிக்கப்பட்ட வேலைக்கு இத கட்ட வேண்டியதில்ல, ஓபிடியும் அதுல அடங்கும். நான்-ரெசிடென்ட்டா எத்தன நாள்னா, ஸ்டூடண்ட்டுக்கு 5 காலண்டர் வருஷம், ஒரு வருஷத்துல ஒரு நாள் இருந்தாலும் அது ஒரு முழு வருஷமா கணக்கு. நீங்க 2022ல வந்தீங்க, அப்ப 22, 23, 24, 25, 26 வரைக்கும் அந்த 5. இதுக்கு முன்னாடி அமெரிக்கால ஸ்டூடண்ட்டாவோ ஜே-1 எக்ஸ்சேஞ்ச் விசாலயோ இருந்ததில்லன்னா 2025 ஜனவரிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் உங்களுக்கு ஃபைகா கிடையாது. அக்டோபர் 1 எச்-1பி ஆனதிலேர்ந்து உண்டு, அதுல பேச்சே இல்ல, அந்த வருஷம் நீங்க 1040-என்ஆர், அதாவது நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன், ஃபைல் பண்ற ஆளா இருந்தாலும் எச்-1பி சம்பளத்துக்கு ஃபைகா உண்டு.

அப்ப சரியான டபிள்யூ-2 எப்படி இருக்கணும்? வருஷ சம்பளம் 90,000, மாசம் 7,500, 401(கே) ஒண்ணும் போடலன்னு வெச்சுக்கலாம். பாக்ஸ் 1ல 90,000. பாக்ஸ் 3லயும் 5லயும் கடைசி மூணு மாச சம்பளம் மட்டும், 22,500. உங்க டபிள்யூ-2ல மூணு பாக்ஸ்லயும் 90,000 இருக்குன்னா, 67,500 டாலருக்கு தேவையில்லாம ஃபைகா போயிருக்கு. அது 4,185 டாலர் சோஷியல் செக்யூரிட்டி, 978.75 மெடிகேர், மொத்தம் 5,163.75. சின்ன காசு இல்ல, விட்றாதீங்க.

இந்தப் பணம் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் வழியா திரும்ப வராது. பாக்ஸ் 4, பாக்ஸ் 6 நம்பருக்கு 1040-என்ஆர்ல வேலையே இல்ல. அதனாலதான் சொல்றேன், ஃபைகா சிக்கல் தீர்ற வரைக்கும் ரிட்டர்ன நிறுத்தி வைக்காதீங்க. சில பேர் இந்த 5,163.75ஐ பாக்ஸ் 2ல சேத்து ஃபெடரல் வித்ஹோல்டிங்கா காட்டிடலாம், ரீஃபண்ட் சீக்கிரம் வரும்னு சொல்லிக் கொடுப்பாங்க. அது பொய்யான ரிட்டர்ன், கீழ உங்க கையெழுத்து இருக்கு, நாளைக்கு அதுக்கு பதில் சொல்ல வேண்டியதும் நீங்கதான்.

திரும்ப வாங்க முதல் வழி கம்பெனிதான். ஐஆர்எஸ்ஸே முதல்ல கம்பெனிய கேளுன்னுதான் சொல்லும். கம்பெனி உங்க பணத்த உங்களுக்கு குடுத்துட்டு, தன்னோட பேரோல் டாக்ஸ் ரிட்டர்ன திருத்தற 941-எக்ஸ் ஃபைல் பண்ணி ஐஆர்எஸ் கிட்ட அத ஈடுகட்டிக்கும், உங்களுக்கு டபிள்யூ-2சி தரும். பேரோல் டீம் இதுல சோம்பேறித்தனம் பண்றதுக்கு காரணம், இது உங்க வேலைன்னு நினைக்கறாங்க. அவங்களுக்கு மறந்து போற விஷயம் என்னன்னா, உங்க கிட்ட புடிச்ச அதே 7.65 சதவீதத்த கம்பெனியும் தன் கைலேர்ந்து போட்டிருக்கு. உங்களுக்கு 5,163.75ன்னா அவங்களுக்கும் 5,163.75 திரும்ப கிடைக்கும். அதனால மெயில் எழுதும்போது "எனக்கு ரீஃபண்ட் வேணும்"னு ஆரம்பிக்காதீங்க. முதல் வரிலயே, செப்டம்பர் 30 வரைக்கும் நான் எஃப்-1 நான்-ரெசிடென்ட், அந்த சம்பளத்துக்கு ஃபைகா பொருந்தாது, நம்ம ரெண்டு பேர் பங்கும் தப்பா கட்டியிருக்கு, 941-எக்ஸ் மூலமா கம்பெனி தன் பங்கையும் திரும்ப வாங்கலாம்னு எழுதுங்க. ரெண்டாவது வரில தொகை. மூணாவது வரில, திருத்தறதுக்கு என் எழுத்துப்பூர்வ சம்மதம் இதோன்னு சொல்லிடுங்க, அந்த சம்மதம் அவங்களுக்கு தேவைப்படும். ஐ-20 (காலேஜ் தர்ற ஸ்டூடண்ட் சான்று), ஈஏடி கார்டு (வேலை அனுமதி), ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான பதிவு), எச்-1பி அப்ரூவல் நோட்டீஸ் நாலும் அட்டாச் பண்ணுங்க. பேரோல் ஆளுக்கு மட்டும் அனுப்பாம ஃபைனான்ஸ் கன்ட்ரோலருக்கும் காப்பி போடுங்க, பணம் திரும்ப வருதுன்னா முதல்ல பாக்கறது அந்த ஆள்தான். பதில் தர ஒரு தேதி குறிப்பிடுங்க, ரெண்டு வாரம் போதும்.

அப்பவும் அசையலன்னா ஐஆர்எஸ் கிட்ட நேரா பணத்த திரும்ப கேக்கற ஃபார்ம் 843, கூடவே ஃபார்ம் 8316. 843ல கம்பெனியோட கையெழுத்து தேவையே இல்ல, அத நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க, விசா கம்பெனி கைல இருக்கேன்னு பயந்து கேக்காமலே இருக்கறவங்க ரொம்ப பேர். 8316ல கம்பெனி கிட்ட கேட்டியா, குடுத்தாங்களான்னு கேள்வி இருக்கும், அங்க நடந்தத எழுதுங்க. கம்பெனி ஒண்ணும் திருப்பித் தரலன்னு அவங்க கிட்டயே ஒரு லெட்டர் வாங்க முடிஞ்சா நல்லது, முடியலன்னா ஏன் வாங்க முடியலன்னு நீங்களே ஒரு பக்கம் எழுதி, அனுப்பின மெயில்களோட பிரிண்ட் அவுட் வைங்க. டபிள்யூ-2 காப்பி, விசா பக்கம், ஐ-94, ஐ-20, ஈஏடி எல்லாம் கூட வரணும். வருஷமும் டபிள்யூ-2ம் வேற வேறன்னா தனித்தனி 843. இத ரிட்டர்னோட ஒரே கவர்ல போடாதீங்க, இது தனியா, இன்ஸ்ட்ரக்‌ஷன்ல போட்டிருக்கற அட்ரஸுக்கு, பேப்பர்ல, சர்டிஃபைட் மெயில்ல போகணும். பதில் வர மாசக்கணக்குல ஆகும், அதுக்கு மனச தயார் பண்ணிக்கங்க. கேக்கறதுக்கு கெடு ரிட்டர்ன் டெட்லைன்லேர்ந்து 3 வருஷம், 2025 பணத்துக்கு 2029 ஏப்ரல் 15 வரைக்கும். 2024லயும் ஓபிடில இதே கம்பெனில இருந்திருந்தா அந்த வருஷ டபிள்யூ-2வையும் இப்பவே எடுத்துப் பாருங்க, ஒரு வருஷம் தப்பா போட்ட பேரோல் முந்தின வருஷமும் பெரும்பாலும் தப்பாதான் போட்டிருக்கும்.

இதுக்கு நேர்மாறான தப்பும் நடக்குது, எச்-1பி ஆனத பேரோல் கவனிக்காம ஃபைகா புடிக்காமலே விட்டுடுவாங்க. கைல கொஞ்சம் அதிகமா வருதேன்னு பேசாம இருக்கறது நல்லதில்ல. ஐஆர்எஸ்ஸுக்கு அந்தப் பணத்துக்கு பொறுப்பு கம்பெனிதான், ஆனா விட்டத உங்க பின்னாடி வர்ற சம்பளத்துல அவங்க புடிச்சுக்கலாம், ஒரே மாசத்துல மொத்தமா புடிச்சா வாடகை குடுக்க காசு இருக்காது. தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டு, பாக்கிய பல மாசமா பிரிச்சு புடிங்கன்னு கேளுங்க. உங்க சோஷியல் செக்யூரிட்டி ரெக்கார்டுலயும் அந்த சம்பளம் ஏறணும், பிற்காலத்துல பென்ஷனுக்கு வேண்டிய 40 கிரெடிட் கணக்கு வரும்போது அது முக்கியம்.

அடுத்தது ஸ்டேட். டெக்ஸாஸ்ல சம்பளத்துக்கு ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாது, அதனால நீங்க அங்க ரெண்டாவது ரிட்டர்ன் எதுவும் போட வேண்டியதில்ல, நியூ ஜெர்சி கிட்ட மட்டும் பேசினா போதும். ஜூலை வரைக்கும் நியூ ஜெர்சில இருந்ததால பார்ட்-இயர் ரெசிடென்ட்டா அங்க ரிட்டர்ன் போடணும், வருமானமா அங்க இருந்த மாசங்களோட சம்பளத்த மட்டும் காட்டணும், வித்ஹோல்டிங்கா பாக்ஸ் 17ல இருக்கற முழு தொகையையும் காட்டணும். மிச்சம் ரீஃபண்டா வரும். ஆனா பாக்ஸ் 16ல வருஷ சம்பளம் முழுசும் நியூ ஜெர்சின்னு கம்பெனி எழுதியிருக்குமே, ஸ்டேட் கண்டிப்பா கேள்வி கேக்கும். இதுதான் டபிள்யூ-2 நிஜமாவே தப்பா இருக்கற இடம். டபிள்யூ-2சி வந்தா ஒரு பிரச்சனையும் இல்ல. வரலன்னா, எந்த தேதிலேர்ந்து டல்லஸ்ல வேலை செஞ்சார்னு மேனேஜர் கிட்டயோ ஹெச்ஆர் கிட்டயோ ஒரு பக்க லெட்டர், டல்லஸ் வீட்டு லீஸ், டெக்ஸாஸ் லைசென்ஸ், மாறின மாசத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பே ஸ்டப், இதெல்லாம் ரெடியா வைங்க. ஜூலைக்கு அப்புறம் மீட்டிங்குக்காக நியூ ஜெர்சி ஆஃபீஸுக்கு வந்து நாலஞ்சு நாள் வேலை செஞ்சிருந்தா அந்த நாள் சம்பளம் அந்த ஊர் வருமானம்தான், அத மறைக்காதீங்க.

டெக்ஸாஸ் மாதிரி இல்லாம டாக்ஸ் உள்ள ஸ்டேட்டுக்கு மாறினவங்களுக்கு இது இன்னும் கஷ்டம், ஏன்னா பழைய ஸ்டேட்டுக்கு தப்பா போன பணத்த காட்டி புது ஸ்டேட்ல கிரெடிட் கேக்க முடியாது. வேற ஸ்டேட்டுக்கு கட்டின டாக்ஸுக்கு கிரெடிட்னு ஒண்ணு இருக்கு, ஆனா அந்த ஸ்டேட்டுக்கு நிஜமாவே கட்ட வேண்டிய டாக்ஸா இருந்தாத்தான் அது செல்லும், கம்பெனி தப்பா புடிச்சதுக்கு செல்லாது. முதல்ல புது ஸ்டேட்டுக்கு கைக்காசு போட்டு கட்டணும், பழைய ஸ்டேட் ரீஃபண்ட் வர்றப்ப வரும். நியூ ஜெர்சில குடியிருந்து பென்சில்வேனியால வேலை பாக்கறவங்களுக்கும், அதுக்கு எதிர்ப்பக்கமும், ரெண்டு ஸ்டேட்டுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு, சம்பளத்துக்கு குடியிருக்கற ஊர்லதான் டாக்ஸ். வேலை பாக்கற ஊர்ல புடிச்சிட்டா அங்க ஒரு ரிட்டர்ன் போட்டு முழுசா திரும்ப வாங்கணும், அடுத்த வருஷம் திரும்ப நடக்காம இருக்க விலக்கு ஃபார்ம கம்பெனி கிட்ட குடுத்துடணும். நியூ ஜெர்சிக்காரர் பென்சில்வேனியால வேலை செஞ்சா ரெவ்-419, பென்சில்வேனியாக்காரர் நியூ ஜெர்சில வேலை செஞ்சா என்ஜே-165.

உங்க கேள்வில இல்லாட்டியும் அடிக்கடி வர்ற இன்னும் சிலத சொல்லிடறேன்.

ஃபெடரல் இன்கம் டாக்ஸ் கம்மியா புடிச்சிருக்காங்க, டாக்ஸ் எவ்வளவு புடிக்கணும்னு கம்பெனிக்கு குடுக்கற டபிள்யூ-4 ஃபார்ம்ல சிங்கிள்னு எழுதிக் குடுத்தத மேரீட்னு ஏத்திட்டாங்க, இப்ப 4,000 டாலர் கட்டணும்னு சாஃப்ட்வேர் சொல்லுது, இத கம்பெனி கட்டுமா? கட்டாது. கேக்கறதுக்கே கசப்பா இருக்கும், ஆனா அந்தப் பணம் உங்க சம்பளமா ஏற்கனவே உங்க கைக்கு வந்துடுச்சு, டாக்ஸ் உங்களோடது. பாக்ஸ் 2 சரியாத்தான் இருக்கு, அப்படியே போட்டு ஃபைல் பண்ணுங்க. அண்டர்பேமென்ட் பெனால்டி வருமான்னா, கட்ட வேண்டிய பாக்கி 1,000 டாலருக்கு கீழ இருந்தா வராது, இந்த வருஷ டாக்ஸ்ல 90 சதவீதமோ போன வருஷ டாக்ஸ்ல 100 சதவீதமோ புடிச்சிருந்தாலும் வராது, போன வருஷ வருமானம் 1,50,000க்கு மேலன்னா அந்த 100 சதவீதம் 110 ஆகும். இதெல்லாம் தாண்டி வந்தா அது வட்டி மாதிரிதான், 2025ல வருஷத்துக்கு 7 சதவீத வீதம். ஃபார்ம் 2210ல விலக்கு கேட்டு, நான் குடுத்த டபிள்யூ-4 இது, அவங்க ஏத்தினது இதுன்னு காப்பியோட எழுதலாம், கிடைச்சே தீரும்னு உறுதி சொல்ல முடியாது, கேக்கறதுல தப்பில்ல. அந்தப் பெனால்டிய மட்டும் கம்பெனி கிட்ட கேக்கலாம், தன் தப்புன்னு ஒத்துக்கற நல்ல கம்பெனிங்க சில நேரம் குடுப்பாங்க.

நடு வருஷத்துலயே இத கண்டுபிடிச்சீங்கன்னா இன்னும் நல்லது. சம்பளத்துல புடிக்கற டாக்ஸ் எந்த மாசம் புடிச்சாலும் வருஷம் பூரா சமமா கட்டினதா கணக்கு எடுத்துப்பாங்க. அதனால நவம்பர்ல தெரிஞ்சாலும் புது டபிள்யூ-4 குடுத்து 4(சி) வரில கூடுதல் தொகைய எழுதி மீதி ரெண்டு மாசத்துல ஈடுகட்டிடலாம், பெனால்டி வராது. நீங்களே நேரா எஸ்டிமேட்டட் டாக்ஸா கட்டினா அந்த சலுகை கிடைக்காது.

கைல காசு இல்லன்னு ரிட்டர்னே போடாம இருக்காதீங்க. ஃபைல் பண்ணாததுக்கு பாக்கில மாசம் 5 சதவீதம், 25 வரைக்கும் ஏறும். ஃபைல் பண்ணிட்டு கட்டாம இருந்தா மாசம் 0.5தான். வித்தியாசம் பத்து மடங்கு. நேரத்துக்கு ஃபைல் பண்ணிட்டு ஐஆர்எஸ் சைட்லயே இன்ஸ்டால்மென்ட் கேட்டு வாங்கினா அந்த 0.5ம் 0.25 ஆகும். ஃபார்ம் 4868 போட்டா அக்டோபர் 15 வரைக்கும் டைம் கிடைக்கும், ஆனா அது ஃபைல் பண்றதுக்குத்தான், பணத்துக்கு இல்ல.

ஒரே வருஷத்துல ரெண்டு கம்பெனில வேலை பாத்து மொத்த சம்பளம் அதிகமா இருந்தா சோஷியல் செக்யூரிட்டி கூடுதலா போயிருக்கும். 2025க்கு 1,76,100 டாலர் சம்பளம் வரைக்கும்தான் அது, அதிகபட்சம் 10,918.20. ரெண்டு டபிள்யூ-2 பாக்ஸ் 4ம் சேத்து அதுக்கு மேல போயிருந்தா மிச்சத்த ரிட்டர்ன்லயே ஷெட்யூல் 3ல கேட்டு வாங்கிடலாம், இது யார் தப்பும் இல்ல, ஒரு கம்பெனிக்கு இன்னொண்ணு புடிச்சது தெரியாது. ஆனா ஒரே கம்பெனி அந்த அளவ தாண்டி புடிச்சிருந்தா ரிட்டர்ன்ல கேக்க முடியாது, திரும்பவும் கம்பெனி, அது முடியலன்னா 843.

டபிள்யூ-2வே வரல, இல்ல பாக்ஸ் 2 பே ஸ்டப்போட ஒத்துப்போகல, கம்பெனியும் திருத்த மாட்டேங்குதுன்னா, பிப்ரவரி முடிஞ்சதும் ஐஆர்எஸ்ஸுக்கு 800-829-1040ல போன் பண்ணுங்க. கம்பெனி பேர், அட்ரஸ், போன் நம்பர், வேலை பாத்த தேதிகள், பே ஸ்டப்படி சம்பளமும் புடிச்சதும் எவ்வளவு, இதெல்லாம் கைல வெச்சுக்கிட்டு பேசுங்க. அவங்க கம்பெனிக்கு லெட்டர் போடுவாங்க, உங்களுக்கு ஃபார்ம் 4852 அனுப்புவாங்க. டெட்லைனுக்குள்ள ஒண்ணும் வரலன்னா கடைசி பே ஸ்டப் நம்பர வெச்சு 4852 நிரப்பி அதோட ரிட்டர்ன் போடுங்க, எப்படி கணக்கு போட்டேன், கம்பெனி கிட்ட வாங்க என்ன முயற்சி எடுத்தேன்னு அதுல ரெண்டு கேள்வி இருக்கும், தேதியோட பதில் எழுதுங்க. ரீஃபண்ட் லேட்டாகும், சரிபாப்பாங்க. பின்னாடி நிஜ டபிள்யூ-2 வந்து நம்பர் மாறினா 1040-எக்ஸ் போட்டு திருத்தணும். சம்பளத்த பூஜ்யம்னு காட்ட 4852 போடலாம்னு சில பேர் சொல்லிக்கிட்டு திரியறாங்க, அதுக்கு 5,000 டாலர் பெனால்டி, அந்தப் பக்கமே போகாதீங்க.

சின்ன கன்சல்டன்சி கம்பெனிங்கள்ல இன்னொரு மோசமான விஷயம் நடக்குது, சம்பளத்துல டாக்ஸ் புடிச்சிட்டு ஐஆர்எஸ்ஸுக்கு கட்டவே மாட்டாங்க, கம்பெனிய மூடிட்டு போயிடுவாங்க. பயப்படாதீங்க. உங்க சம்பளத்துலேர்ந்து நிஜமாவே புடிச்சிருந்தா அது கட்டினதாத்தான் உங்க கணக்குல வரும், அவங்க கட்டலன்னாலும் உங்களுக்கு கிரெடிட் உண்டு. ஐஆர்எஸ் அந்தப் பணத்த கம்பெனில பொறுப்பா இருந்தவங்க கிட்ட சொந்தமாவே வசூல் பண்ணும், அதுக்கு சட்டம் இருக்கு. ஆனா புடிச்சாங்கன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க, ஒவ்வொரு பே ஸ்டப்பும், பேங்க்ல விழுந்த நிகர சம்பளமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். அதனால பேரோல் வெப்சைட்லேர்ந்து பே ஸ்டப்ப மாசாமாசம் பிடிஎஃப்பா இறக்கி உங்க சொந்த இடத்துல வெச்சுக்கங்க. வேலைய விட்ட மறுநாளே லாகின் மூடிடும், அப்புறம் கெஞ்சினாலும் கிடைக்காது.

டபிள்யூ-2 தர வேண்டிய இடத்துல 1099 குடுத்து உங்கள கான்ட்ராக்டர்னு காட்டறதும் உண்டு. ஃபார்ம் எஸ்எஸ்-8 போட்டு ஐஆர்எஸ்ஸையே முடிவு பண்ண சொல்லலாம், ரிட்டர்ன்ல ஃபார்ம் 8919 போட்டா உங்க பங்கு ஃபைகா மட்டும் கட்டினா போதும். எச்-1பில இருக்கறவங்களுக்கு 1099 வந்தா அது டாக்ஸோட நிக்கற பிரச்சனை இல்ல, முதல்ல இமிக்ரேஷன் வக்கீல பாருங்க.

கடைசியா உங்க விஷயத்துக்கே வர்றேன், வரிசை இப்படி வெச்சுக்கங்க. இன்னைக்கு பே ஸ்டப் எல்லாத்தையும் இறக்குங்க, டிசம்பர் ஸ்டப்ப டபிள்யூ-2வோட ஒப்பிடுங்க. பாக்ஸ் 2 ஒத்துப்போனா 1040-என்ஆர உள்ளபடி ஃபைல் பண்ணிடுங்க. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் எச்-1பில இருந்தது 92 நாள்தான், டாக்ஸ் கணக்குல ரெசிடென்ட் ஆக வேண்டிய 183 நாள் வரல, ஸ்டூடண்டா இருந்த நாள் கணக்குல சேராது, அதனால பொதுவா எல்லாரும் போடற 1040 உங்களுக்கு இல்ல, சாஃப்ட்வேர் எடுக்கும்போது அது என்ஆர் போடுமான்னு பாத்து எடுங்க. அதே நாள்ல பேரோலுக்கும் கன்ட்ரோலருக்கும் அந்த மெயில், ஃபைகாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் சேத்து ஒரே டபிள்யூ-2சி கேளுங்க. ரெண்டு வாரத்துல வரலன்னா நியூ ஜெர்சி ரிட்டர்ன லெட்டர், லீஸோட ஏப்ரல் 15க்குள்ள போட்டுடுங்க, ஃபைகாவுக்கு 843, 8316 கவர ரெடி பண்ணுங்க. 843 அனுப்பினதுக்கு அப்புறம் கம்பெனி முழிச்சுக்கிட்டு பணத்த குடுத்தா ரெண்டு பக்கமும் வாங்கக்கூடாது, உடனே ஐஆர்எஸ்ஸுக்கு எழுதி க்ளெய்ம வாபஸ் வாங்கிடுங்க. ரொம்ப நாளா பதிலே வராம இழுத்து, அதனால பணக் கஷ்டம் ஆகிடுச்சுன்னா டாக்ஸ்பேயர் அட்வகேட் சர்வீஸ்னு ஐஆர்எஸ்ஸுக்குள்ளயே தனியா ஒரு அமைப்பு இருக்கு, ஃபார்ம் 911 போட்டு உதவி கேக்கலாம், அதுக்கு காசு கிடையாது.